இடைவெளியில் வைத்த நிலையம்

பேருந்துப் பணிமனையில் அவளை எல்லாரும் டூட்டியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மறுநாள் எந்த ஓட்டுநர் எந்த வண்டியை எந்தத் தடத்தில் ஓட்டுவது என்று முடிவு செய்து, சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும் வெள்ளைப் பலகையில் காந்த வில்லைகளை ஒட்டி வைப்பது அவள் வேலை. ஒரு வில்லைக்கு ஒரு ஓட்டுநர். வில்லை ஒரு கட்டம் தள்ளிப் போனால் ஒருவனின் சாப்பாட்டு நேரம் தள்ளிப் போகும், இன்னொருவனின் பிள்ளை பள்ளிக்கூட வாசலில் காத்துக்கொண்டு நிற்கும். அதனால் அவள் மேசையைச் சுற்றி எப்போதும் ஆள் இருக்கும். கெஞ்சுவார்கள், கொஞ்சுவார்கள், சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி நிற்பார்கள்.

"அக்கா, நாளைக்கு எனக்கு மலைத் தடம் வேணாம்க்கா. இடுப்பு விட்டுப் போச்சு."

"போன வாரம் முழங்கால்னு சொன்ன."

"அது போன வாரம்க்கா. வலி மேல ஏறிடுச்சு."

இவனுக்குப் பட்டப்பெயர் ஹாரன். வண்டியில் இருப்பதைவிட இவன் வாயில் இருக்கும் ஹாரன் பெரியது என்று யாரோ ஒருமுறை சொல்லி, அதுவே நிலைத்துவிட்டது. ஒரு காலத்தில் இவன் சொல்வதற்கெல்லாம் டூட்டியக்கா சிரிப்பாள். இப்போது சிரிக்கவில்லை. வில்லையை எடுத்து ஏரிக்கரைத் தடத்தில் ஒட்டினாள். "சரி, போ" என்றாள்.

சரி. கொஞ்ச நாளாக அவள் வாயிலிருந்து அதிகம் வரும் சொல் அதுதான். கணவன் ஒரு சனிக்கிழமை காலையில் சட்டைகளை மடித்துப் பையில் வைத்தபடி, "இது நமக்கு ஒத்து வரல, நான் அம்மா வீட்டுக்குப் போறேன்" என்றபோதும் அவள் சரி என்றாள். எந்தப் பையை எடுத்துப் போவது என்று அவன் தடுமாறியதைப் பார்த்து, பரணிலிருந்து பெரிய பையை அவளே இறக்கிக் கொடுத்தாள். பிறகு நீதிமன்றத்தில் கையெழுத்துப் போடப் போன மதியம் அவள் பேனா எழுதவில்லை. பக்கத்தில் நின்ற அவன் தன் பேனாவை நீட்டினான். "தேங்க்ஸ்" என்றாள். அத்தனை வருடக் குடித்தனத்தில் அவர்கள் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு அந்த ஒரு சொல்தான்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவினாள். கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்தாள். அழுகை வரும், வந்தால் உட்கார இடம் வேண்டும் என்று கட்டிலை ஒழுங்குபடுத்தி வைத்தாள். வரவில்லை. வெளியே இருட்டத் தொடங்கியதும் எழுந்து போய்க் கணினியின் முன் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினாள். அது வாலு வரும் நேரம்.

வாலு என்பது நாத்தனார். கணவனாக இருந்தவனின் ஒரே தங்கை. கல்யாணத்தன்று மணமேடைக்குப் பின்னால் போய், யார் யாருடைய செருப்புகளையோ ஒன்றோடொன்று கயிற்றால் கட்டிப் போட்டவள். அன்றைக்கே டூட்டியக்கா அவளுக்கு வைத்த பெயர் அது. அம்மா வீட்டிலிருந்தபடியே மற்றவர்களுடைய சமையலறைகளுக்குப் படம் வரைந்து கொடுப்பது அவள் தொழில். தன் கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தால் உடனே ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். அண்ணிக்கும் ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுத்து, இந்த விளையாட்டுக்குள் இழுத்து விட்டவளும் அவள்தான். கணவன் வெளியூர் வேலையில் இருந்த நாட்கள் அவை. "சும்மா சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கறதுக்கு, வாங்க, ஒரு தொழிற்சாலை கட்டலாம்" என்றாள்.

விளையாட்டு இதுதான். ஆளில்லாத ஒரு கிரகம். மண்ணைத் தோண்டி இரும்பும் செம்பும் எடுக்க வேண்டும், உருக்க வேண்டும், இயந்திரம் செய்ய வேண்டும், அந்த இயந்திரத்தை வைத்து இன்னும் பெரிய இயந்திரம் செய்ய வேண்டும். கடைசியில் ஒரு ராக்கெட்டை விட்டால் முடிந்தது. ஆரம்பத்தில் எல்லாவற்றையும் நம் கையாலேயே நட வேண்டும். பாதி தூரம் வந்த பிறகு கட்டுமான ரோபோக்கள் கிடைக்கும். வண்டு போலப் பறக்கும் குட்டி இயந்திரங்கள். ஓரிடத்தில் கட்டடத்தின் படத்தை மட்டும் வரைந்து வைத்தால் போதும், அது மங்கலான நீல நிழலாகத் தரையில் நிற்கும். ரோபோக்கள் பெட்டியிலிருந்து சாமான் எடுத்து வந்து நிழலை ஒவ்வொன்றாக நிஜமாக்கும்.

வரைவது வாலு. ரோபோக்களை வேலை வாங்குவது அண்ணி. யாரும் பிரித்துக் கொடுக்காமலே அப்படி அமைந்துவிட்டது. ரோபோக்கள் தங்கவும் மின்னூட்டம் ஏற்றிக்கொள்ளவும் நிலையங்கள் வைக்க வேண்டும். எங்கே வைப்பது, எங்கே கூட்டம் கூடிக் கிடக்கிறது, எந்தப் பெட்டியில் சாமான் தீர்ந்துவிட்டது என்று அவள் கண்ணும் கருத்துமாகப் பார்ப்பாள். வாலுவுக்கு அவை "உங்க பசங்க".

"அண்ணி, உங்க பசங்க வேல நிறுத்தமா? என் சுவர் இன்னும் நிழலாவே நிக்குது."

"செங்கல் தீந்துபோச்சு. வருது, இரு."

"ஹாரன் மாதிரி இடுப்பு வலியோன்னு பாத்தேன்."

இந்தப் பசங்களுக்கு இடுப்பும் இல்லை, முழங்காலும் இல்லை. தடம் மாற்றிக் கேட்பதில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவற்றிடம் ஒரு பெரிய குறை உண்டு: நேர்க்கோட்டில் மட்டுமே பறக்கத் தெரியும். நடுவே என்ன இருக்கிறது என்று பார்க்காது. அவர்களுடைய தொழிற்சாலை ஓர் ஏரியைச் சுற்றி வளைந்து கிடந்தது. ஏரியின் இந்தக் கரையில் தலைமைத் தொழிற்சாலை, அந்தக் கரையில் சுரங்கம். ஏரிக்கு நடுவே இருந்த தீவு முழுக்க விஷம் துப்பும் புழுக்களின் கூடு. இரண்டு நிலையங்களின் எல்லை ஒன்றையொன்று தொட்டால் அவை ஒரே வலையாகிவிடும். வலை ஒன்றானால் சுரங்கத்தில் ஒரு செங்கல் விழுந்தாலும் தலைமைத் தொழிற்சாலையிலிருந்து ரோபோ கிளம்பும். வளைந்து வராது, நேராகத் தீவின் மேலே பறக்கும். போனது திரும்பாது.

அதனால் ஏரியின் தெற்கு வளைவில் ஓர் இடைவெளியை விட்டிருந்தார்கள். அங்கே ரயில் பாதை மட்டும் போகும், நிலையம் கிடையாது. இந்தக் கரைப் பசங்க இந்தக் கரையில், அந்தக் கரைப் பசங்க அந்தக் கரையில். இடைவெளியில் எதையும் வைக்கக் கூடாது என்பது அவர்கள் இருவரும் மீறாத ஒரே விதி. அதைப் போட்டதும் அண்ணிதான்.

நீதிமன்றத்துக்குப் போய் வந்த அன்று ஹெட்போனில் வாலுவின் குரல் முதலில் தடுமாறியது.

"அண்..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "சாப்ட்டீங்களா?"

"ம்."

"பொய்."

"பிரெட் இருக்கு."

"சாப்பிட்டுக்கிட்டே வாங்க. இன்னைக்கு சூரியத் தகடு போடணும்."

இன்னும் அண்ணி என்று கூப்பிடலாமா என்று வாலு கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. சூரியத் தகடுகள் வரிசை வரிசையாக நிழலிலிருந்து எழுந்தன. அப்போது ஹெட்போனில், வாலுவின் அறைக்கு அப்பால் எங்கோ, ஓர் இருமல் கேட்டது. இரண்டு சின்ன இருமல், பிறகு தொண்டையைச் செருமும் ஒரு நீண்ட சத்தம். காலையில் பல் துலக்கும்போது தினமும் கேட்ட சத்தம். அவன் கோர்ட்டிலிருந்து வீடு வந்து சேர்ந்துவிட்டான் போல. அவள் அடுத்த வரிசைக்கு ரோபோக்களை அனுப்பினாள்.

இப்படியே மழைக்காலம் போயிற்று. காலையில் பணிமனை, பலகை, இடுப்பு வலிகள். மாலையில் ஹெட்போன். இருமல் சில நாள் கேட்கும், சில நாள் கேட்காது. ஒருமுறை, "இன்னும் அவகிட்டதான் பேசிட்டிருக்கியா?" என்று அவன் குரல் தெளிவாகக் கேட்டது. "ஆமா" என்றாள் வாலு. கதவு சாத்தும் சத்தம் வந்தது. சாத்தியது அவனா வாலுவா என்று தெரியவில்லை. அவள் கேட்கவும் இல்லை. வேறு யாரிடமும் தான் பேசுவதில்லை என்பதே ஒருநாள்தான் அவளுக்கு உறைத்தது. சளி பிடித்துக் குரல் கம்மியிருந்தது. மாலையில் வாய் திறந்தபோது வாலுதான் அதைக் கண்டுபிடித்தாள். அதுவரை அன்று முழுக்கப் பணிமனையில் அவள் தலையாட்டியே ஓட்டியிருந்தாள்.

ராக்கெட் மேடைக்கு அடித்தளம் போட்ட வாரத்தில் வாலு சொன்னாள்.

"அண்ணனுக்குப் பொண்ணு பாத்திருக்காங்க."

"சரி."

"ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டு ஆளுங்க வர்றாங்க."

"சரி."

"அம்மா, இனிமே இந்தப் பேச்சு வேணாங்கறாங்க. வர்றவ காதுல விழுந்தா நல்லா இருக்காதாம். பழைய உறவ வீட்டுக்குள்ளயே வச்சிருக்கோம்னு நெனப்பாளாம். நானும் கத்திப் பாத்தேன். சாப்பிடாம இருந்து பாத்தேன். அம்மா எனக்கு முன்னாடி சாப்பிடாம உக்காந்துட்டாங்க."

மாமியாரைத் தெரியும். அந்தப் போட்டியில் யாரும் ஜெயித்ததில்லை.

"அதனால ஞாயித்துக்கிழமைக்குள்ள ராக்கெட்ட விட்டுடலாம். பாதியில போட்டுட்டுப் போனா எனக்கு ஆறாது. முடிச்சிட்டு மூடிடலாம். என்ன சொல்றீங்க?"

அந்த விளையாட்டு உலகம் முழுவதும் இருந்தது வாலுவின் கணினியில். அவள் அதை நிறுத்தினால் ஏரி, ரயில், பசங்க, எல்லாமே நின்றுவிடும். மாலை நேரமும் நின்றுவிடும்.

"சரி" என்றாள்.

வாலு வேறு எதையோ எதிர்பார்த்திருந்தாள் போல. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேலையைப் பிரித்தாள். மேடைக்கு ஆள் பற்றாது, ரோபோ அதிகம் வேண்டும், நிலையங்களும் அதிகம் வேண்டும், அது உங்கள் பொறுப்பு.

வெள்ளிக்கிழமை மாலை மேடையின் சுற்றுச்சுவர் பாதிக்கு மேல் எழுந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துச் சுரங்கத்தின் சுற்றுவேலியை அந்தக் கிரகத்துப் பூச்சிகள் தாக்கின. கொஞ்சம் சுவர் இடிந்தது. அது தினமும் நடப்பதுதான், அந்தக் கரைப் பசங்க பார்த்துக்கொள்வார்கள். வாலுவை அவள் அம்மா அடுப்படிக்குக் கூப்பிட்டார்கள். "ரெண்டு நிமிஷம் அண்ணி" என்று எழுந்து போனாள். டூட்டியக்கா ஒரு புது நிலையத்தைக் கையில் எடுத்தாள். தெற்கு வளைவுக்குப் போனாள். ரயில் பாதைக்குப் பக்கத்தில், இத்தனை காலமும் காலியாகக் கிடந்த இடத்தில், அதை வைத்தாள்.

இரண்டு எல்லைகளும் தொட்டுக்கொண்டன.

முதல் ரோபோ ஒரு துண்டுச் சுவரைத் தூக்கிக்கொண்டு தலைமைத் தொழிற்சாலையிலிருந்து கிளம்பியது. நேராக ஏரியின் மேல் பறந்தது. தீவுக்கு மேலே போனதும் கீழிருந்து பச்சையாக ஏதோ பீறிட்டது. ரோபோவைக் காணோம், திரையின் ஓரத்தில் ஒரு சின்ன மணிச்சத்தம். அந்த வேலை இன்னும் முடியவில்லை, ஆகவே அடுத்த ரோபோவுக்குப் போயிற்று. அடுத்ததும் ஒரு துண்டுச் சுவரைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. பணிமனையிலும் அப்படித்தான், ஒருவன் வராவிட்டால் அவன் தடம் அடுத்தவன் தலையில் விழும். ஆனால் அடுத்தவன் குறைந்தபட்சம் முனகுவான். இவை முனகவில்லை. மேடைப் பக்கமிருந்து, சூரியத் தகடுகளிலிருந்து, கிடங்கிலிருந்து, ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி ஏரியை நோக்கி வந்தன. மணிச்சத்தம் விடாமல் ஒலித்தது. நிலையத்தை எடுத்துவிட்டால் நின்றுவிடும். அவள் கை மவுஸின் மேல்தான் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அய்யோ அண்ணி! என்னது இது! எடுங்க, எடுங்க அத!"

வாலு ஓடி வந்து தானே நிலையத்தைப் பிடுங்கினாள். ஏரியின் மேல் சத்தம் அடங்கியது. ராக்கெட் மேடை பாதி நிஜமும் பாதி நிழலுமாக நின்றது. அங்கே வேலை செய்ய ஒருவரும் இல்லை.

"இடைவெளில வச்சிருக்கீங்க. நீங்க போட்ட விதி அது! மறந்துட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப தெரிஞ்சேதான் வச்சீங்களா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். உண்மையாகவே யோசித்தாள். நிலையத்தைக் கையில் எடுத்தது நினைவிருந்தது. அங்கே போனதும் நினைவிருந்தது. நடுவில் என்ன நினைத்தாள் என்று தேடினால் வெறும் சுவர்தான் தட்டுப்பட்டது.

"தெரியல" என்றாள்.

"எல்லாத்துக்கும் இப்படியே இருங்க. அண்ணன் போறேன்னான், சரின்னீங்க. பையையும் எடுத்துக் குடுத்தீங்களாமே, அதச் சொல்லிச் சொல்லி இன்னைக்கும் அம்மா உங்கள மெச்சிக்கறாங்க. நான் போறேன்னேன், அதுக்கும் சரி. ஒரு தடவ வேணாம்னு சொன்னா வாய்ல இருக்கற முத்து உதுந்துருமா?"

பின்னால் இருமல் கேட்டது. இரண்டு சின்னது, ஒரு நீண்டது. அவள் ஹெட்போனைக் கையால் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"முடிக்க வேணாம்" என்றாள்.

"என்னது?"

"ராக்கெட். முடிக்க வேணாம் வாலு."

மறுபக்கம் நாற்காலி தள்ளும் சத்தம் கேட்டது. பிறகு இணைப்பு நின்றுவிட்டது. வாலு மூடிவிட்டாள்.

சனிக்கிழமை மாலை அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் வரவில்லை. எழுந்து போய் அடுப்பைத் துடைத்தாள். துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தாள்.

ஞாயிறு அன்று அவளுக்கு ஓய்வு. மதியம் போன் அடித்தது.

"அண்ணி, ஏரிக்கரை வண்டி உங்க வீட்டு ஸ்டாப்ல நிக்குமா, இல்ல அடுத்ததுலதான் எறங்கணுமா?"

"நிக்கும். ஏன்?"

"எறங்கி வந்து நில்லுங்க. தனியாத் தூக்க முடியாது."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். பேருந்து வந்து நின்றதும் முன்படிக்கட்டில் வாலு தெரிந்தாள். தோளில் ஒரு துணிப்பை, கையில் ஒரு திரை, அதைச் சுற்றி ஒரு போர்வை. அவளுக்குப் பின்னால், ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுந்து, கணினிப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினான் ஹாரன்.

"இது உங்களுக்கா வருது? என்ஜின் மேல வச்சுப் பத்திரமாக் கொண்டாந்தேன்க்கா. குழி வந்தாக்கூட மெதுவா எறக்கினேன், கேட்டுப் பாருங்க."

"இடுப்பு?" என்றாள்.

"இன்னைக்கு லீவு குடுத்திருக்கேன்க்கா அதுக்கு." பெட்டியை நடைபாதையில் வைத்துவிட்டு வாலுவைப் பார்த்தான். "யாருக்கா? தங்கச்சியா?"

பணிமனை முழுக்க அவள் கதை தெரியும். ஹாரனுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை, பாதி பேருக்குச் சொன்னதே அவனாகத்தான் இருக்கும். வாலு போர்வையின் நுனியை இழுத்துச் சரிசெய்தபடி வேறெங்கோ பார்த்தாள்.

"நாத்தனார்" என்றாள் டூட்டியக்கா.

ஹாரன் வாயைத் திறந்தான். பிறகு, பணிமனையில் யார் கேட்டாலும் நம்பமாட்டார்கள், ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டான். பேருந்துக்குள்ளிருந்து யாரோ, "அண்ணே, கெளம்புவீங்களா, இல்ல நாங்க நடக்கவா?" என்று கத்தினார்கள். அவன் ஏறி வண்டியை எடுத்தான்.

பெட்டியை இரண்டு பேருமாகப் பிடித்து மாடி ஏறினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கியபடி வாலு சொல்லிக்கொண்டே வந்தாள்.

"பொண்ணு வீட்டுக்காரங்க ஹால்ல உக்காந்து டீ குடிச்சிட்டிருக்காங்க. நான் இதத் தூக்கிட்டு நடு ஹால் வழியா வர்றேன். என்னம்மா அதுன்னு கேட்டார் ஒருத்தர். ரிப்பேர்னேன். அம்மா மூஞ்சியப் பாக்கணுமே. விருந்தாளி முன்னாடி திட்டவும் முடியல, விடவும் முடியல."

"திரும்பிப் போனா?"

"திட்டுவாங்க. திட்டட்டும். அந்த வீட்டுக்குள்ள உங்க பேச்சு இருக்கக் கூடாதுன்னுதான சொன்னாங்க? இல்ல, இப்ப. சாயந்திரமானா நான் இங்க வந்துட்டுப் போறேன். பஸ் இருக்கு. டூட்டி போடறவங்களும் தெரிஞ்சவங்கதான்."

அழுகை இப்போதாவது வருமோ என்று டூட்டியக்கா பார்த்தாள். வரவில்லை. கைகள் மட்டும் வேலையைப் பார்த்தன. மேசையில் தன் கணினியைச் சுவரோரம் தள்ளின. சமையலறையிலிருந்து முக்காலியைக் கொண்டு வந்து போட்டன. ஒரே ஒரு பிளக்தான் வேலை செய்தது, இஸ்திரிப் பெட்டிக்கு வைத்திருந்த நீண்ட ஒயரைத் தேடி எடுத்து மாட்டின.

திரை வெளிச்சமானது. ஏரி, ரயில், பாதி மேடை. விட்ட இடத்தில் அப்படியே நின்றது. மிஞ்சிய ரோபோக்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். அவை நிலையத்தின் மேல் சும்மா சுற்றிக்கொண்டிருந்தன.

"முதல்ல பசங்கள செய்யணும்" என்றாள் வாலு. "ரொம்ப நாள் ஆகும்."

"ஆகட்டும்."

"மேடை?"

"அது அங்கயே இருக்கட்டும். அவசரம் இல்ல."

தோள் தோளோடு இடித்தபடி உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார்கள். ஏதோ இல்லாதது போல அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, இருமல் கேட்கவில்லை. காதைத் தொட்டுப் பார்த்தாள். ஹெட்போன் மாட்டியிருந்தாள். திரும்பினால் வாலுவும் மாட்டியிருந்தாள். ஒரே மேசையில், ஒரே ஒயரில், முழங்கை முட்ட உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரும் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வாலுவும் அதே நேரத்தில் பார்த்துவிட்டாள்.

"ஹலோ அண்ணி" என்றாள் மைக்கை வாயருகே இழுத்து, வெகு தூரத்தில் இருப்பவளைப் போல. "அங்க மழையா?"

வாலுவின் மைக் வழியாக ஒரு சத்தம் சுற்றிக்கொண்டு வந்து, சற்றுத் தாமதமாக அவள் ஹெட்போனில் விழுந்தது. யாரோ சிரிக்கும் சத்தம். அது தன்னுடையது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.